பானை ஓட்டைக் காயவைத்த கதை: நீரடித் தொல்லியல் களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கடலூர் முதுநகரில் படகு கரை சேர்ந்ததும் ஒரு மாணவர் வலைப்பையைப் பிரித்து, கடலடியில் எடுத்த பானை ஓடுகளைத் துண்டின் மேல் வரிசையாகப் பரப்பினார். "காயட்டும் சார், அப்புறம் நம்பர் போட்டுடலாம்." நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கோபம் அவர் மேல் இல்லை. முதல் களப்பணியில் நானும் இதையேதான் செய்தேன்.

சிலிண்டரைச் சரிபார்ப்பது, தனியாக முங்காதது எல்லாம் டைவிங் பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓட்டைக் காயவைப்பது

நிலத்து அகழாய்வில் பழகிய கை தானாக இந்த வழியில்தான் போகும்: கழுவு, உலர்த்து, எண் எழுது. அரிக்கமேட்டு ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு, ஓடு என்றாலே காய்ந்த பொருள்தான். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் கடலில் கிடந்த ஓட்டின் நுண்துளை முழுக்க உப்பு நீர். காயவைத்தால் நீர் போகும், உப்பு போகாது. தோலுக்கு அடியில் படிகமாகி, உள்ளிருந்து நெம்பும். கடலோர வீட்டுச் சுவரடியில் வெள்ளை பூத்துச் சுண்ணாம்பு உதிருமே, அதேதான். காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு கரையும், குறைந்தால் மறுபடி படியும். ஒவ்வொரு முறையும் ஒரு நெம்பு.

என் ஓடு உள்ளங்கை அகலம், சிவப்புப் பூச்சுள்ள விளிம்புத் துண்டு. இன்னும் மூன்று ஓடுகளோடு மொட்டைமாடியில் செய்தித்தாள் மேல் காயவைத்து, இந்தியன் இங்க்கில் எண் எழுதி, ஒரே பெட்டியில் போட்டேன். அன்று சாயங்காலம் அழகாகத்தான் இருந்தன. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பெட்டியின் அடியில் வெள்ளைப் பொடி, சிவப்புச் செதில்கள். ஒரு செதிலில் என் கையெழுத்தில் '7' மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு நாள் முங்கி அளந்ததெல்லாம் வீண்.

மூடி போட்ட வாளியைப் படகிலேயே வைத்திருங்கள். ஓடு கடல் நீரை விட்டு வெளியே வரவே கூடாது. நனையாத தாளில் பென்சிலால் எண் எழுதி ஓட்டோடு துளைப்பையில் போடுங்கள். கரைக்கு வந்ததும் பாதி கடல் நீர், பாதி நல்ல தண்ணீர். பிறகு முழுக்க நல்ல தண்ணீர், கடைசியில் வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்). போர் தண்ணீரே கரிக்கிற ஊரில் அதை ஊற்றிப் பயனில்லை, கேன் தண்ணீர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, வீட்டில் ஆர்ஓ சோதிக்கிற டிடிஎஸ் மீட்டர் போதும்: தண்ணீர் மாற்றிய பிறகும் அளவு ஏறினால் உப்பு இன்னும் வெளியே வருகிறது என்று அர்த்தம். ஏற்றம் நிற்க வாரக் கணக்காகும், சில ஓடுகளுக்கு மாதக் கணக்கும் ஆகும். அதற்கப்புறம்தான் உலர்த்துவது, அதுவும் நிழலில்.

மரம், இரும்பு

ஈரமாகவே வைத்து, பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவரிடம் கொடுங்கள். 1961இல் ஸ்டாக்ஹோமில் நீருக்கடியிலிருந்து மேலே எடுத்த பழைய வாசா கப்பலின் மரம் விரிசல் விடாமலிருக்க, மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்காலைக் கரைத்து 17 ஆண்டுகள் தெளித்தார்கள். உங்கள் விடுதி அறையில் அது நடக்காது.

கண்ணளவை நம்புவது

முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 'பெரிய நங்கூரக் கல்' என்று எழுதிய என் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். அளவு நாடாவையும் இழுத்துக் கட்டுங்கள், நீரோட்டத்தில் வில்லாக வளைந்து நீளம் கூட்டிக் காட்டும்.

படகில் ஏறி எழுதிக்கொள்ளலாம் என்பது

ஏறியதும் மறந்துவிடும். கீழேயே எழுதுங்கள்.

நவம்பரில் திட்டம் போடுவது

வடகிழக்குப் பருவமழை. கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டும் சேற்றில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

நினைவுக்கு ஒன்று எடுப்பது

நூறு ஆண்டு பழையதென்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த மாணவரின் ஓடுகளை உடனே வாளிக்குள் போட்டுவிட்டோம். வாளி இப்போது என் அறை மூலையில் இருக்கிறது. முந்தாநாள் புதுத் தண்ணீர் ஊற்றியபோது மீட்டரில் 60. இன்று காலை 410.