மழை ஓயாத படம்: தடங்கலின்றிச் சுழலும் ஜிஃப் வரையும் முறை

சுழலும் ஜிஃப் என்பது, சில ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) வரிசையாகத் திரும்பத் திரும்ப ஓடும் அசைபடம். அதில் நான் முதலில் பார்ப்பது ஓர் இடத்தைத்தான்: கடைசி ஃபிரேம் முடிந்து முதல் ஃபிரேம் தொடங்கும் இடம். அங்கே படம் லேசாகத் துள்ளினாலும், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் எனக்கு மனம் ஒட்டாது. வரைந்து முடித்த பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. தொடங்கும் முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி, ஓட்டு வீட்டு முற்றத்தில் பெய்யும் மழை. அதையே வரைவோம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருள் போதும். அகலம் 128 பிக்சல், உயரம் 96, ஃபிரேம்கள் 12. மழை ஃபிரேமுக்கு 8 பிக்சல் இறங்கினால் 12 முறையில் 96 பிக்சல் இறங்கி, கிளம்பிய நிலைக்கே வந்துவிடும். அதனால்தான் இந்த உயரம்.

கீழிருந்து மேலாக நான்கு லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்கள்): வானம், தூரத்து மழை, வீடு, அருகு மழை. மழை லேயர்களில் கோடுகளைத் தவிர மற்ற இடம் வெறுமையாக இருக்கட்டும். தூரத்து மழை மெதுவாக விழ வேண்டும். ஃபிரேமுக்கு 4 பிக்சல். அது 12 முறையில் 48 பிக்சல்தான் இறங்கும். ஆகவே மேல்பாதியில் மட்டும் வரைந்து, அதையே நகலெடுத்துக் கீழ்பாதியிலும் வையுங்கள். பாதி தூரம் வந்ததும் படம் தன்னோடு தானே பொருந்திவிடும்.

இனி 'ஆஃப்செட்' கருவியில், விளிம்பைத் தாண்டுவது மறுபுறம் வரும்படி தேர்வுசெய்து, இரண்டு மழைகளையும் நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன், கண்ணில் தெரிவதைப் புதிய லேயராக எடுத்து, அடுக்கின் உச்சிக்கு இழுத்து, மறைத்து வையுங்கள். 12 எடுத்ததும் நிறுத்துங்கள். பதின்மூன்றாவது, முதல் ஃபிரேமேதான். அதையும் சேர்த்தால் மழை ஒரு கணம் நின்று போகும்.

உயிர் வருவது தெறிப்புகளில். ஒரு புள்ளி, விலகும் இரு புள்ளிகள், மங்கல் என மூன்று ஃபிரேம் போதும். எல்லாவற்றையும் முதல் ஃபிரேமில் தொடங்காதீர்கள். சிலவற்றை 12-இல் தொடங்கி 1, 2-இல் முடியுங்கள். இணைப்பு அந்தத் தெறிப்புக்குள் மறைந்துவிடும். மின்னல் வேண்டாம். சுற்று ஒரு நொடிக்கும் குறைவு; நொடிக்கு நொடி மின்னினால் பார்ப்பவர் எண்ணத் தொடங்கிவிடுவார்.

மூல நான்கு லேயர்களையும் தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டு நீக்குங்கள். மறைத்தவற்றைத் திறங்கள். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கும்போது இடைச்செருகல் (இடைநிறங்களை மென்பொருள் தானே நிரப்புவது) 'இல்லை' என்று வையுங்கள். பிக்சல் கூர்மை கெடாது. ஜிஃப் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்கள் வரை ஏற்கும், ஆனால் இந்த மழைக்கு 16 போதும். நிறங்களைக் குறைக்கும்போது டிதரிங் (இல்லாத நிறத்தைப் புள்ளிகள் கலந்து காட்டுவது) வேண்டாம். அது தூவும் புள்ளிகள் கோப்பைப் பெருக்கும்.

ஜிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது ஃபிரேமுக்கு 80 மில்லிசெகண்ட் வையுங்கள். முடிவின்றிச் சுழலும் தேர்வையும் மறக்காதீர்கள். 1987-இல் ஜிஃப் வந்தபோது அந்த வசதி கிடையாது, 1995-இல் நெட்ஸ்கேப் பிரவுசர்தான் அதைக் கொண்டுவந்தது.

சாய்மழை வேண்டுமா? அகலத்தை 120 ஆக்கி, 24 பிக்சலுக்கு ஒருமுறை கோடுகள் திரும்ப வருமாறு வரைந்து, ஃபிரேமுக்கு 2 பிக்சல் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள்.