மாசி, பங்குனி வானிலை அறிக்கையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை விலகியதாக அறிவிப்பு வந்ததும் வானிலை அறிக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறுபடி தேடுவது கத்திரி வெயிலுக்குத்தான். நடுவில் மாசியும் பங்குனியும் இருக்கின்றன. விடியற்காலையில் பனி, நடுப்பகலில் சுள்ளென்ற வெயில், எங்கிருந்தோ திடீரென ஒரு மழை என்று ஆளைக் குழப்பும் மாதங்கள் இவை. அறிக்கையைக் கவனித்துப் படிக்க வேண்டிய காலமும் இதுதான்.

"பருவம் முடிந்தது, இனி என்ன மழை" என்ற நினைப்புதான் முதல் தவறு. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையில் கரை கடந்தது. அதையொட்டிப் பெய்த மழையில் காவிரி டெல்டாவில் அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பா நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மார்ச் முதல் வாரத்தில், வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே உருவானது. நம் கரையை நெருங்கும்போது அது வலுவிழந்துவிட்டது. அரிதுதான், ஆனால் நடக்காதது அல்ல.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 'தாழ்வு' என்ற சொல் காதில் விழுந்ததும் புயல் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடுவார்கள். தாழ்வுப் பகுதி என்பது முதல் படி. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால்தான் புயல். இந்த மாதங்களில் பெரும்பாலானவை முதல் படியிலேயே கலைந்துவிடும்.

மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது "ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்" என்ற வரி. "மழை என்றார்கள், ஒரு சொட்டுக்கூட விழவில்லை" என்று டீக்கடையில் திட்டு வாங்குவது இந்த வரிதான். பொத்தாம் பொதுவாக எழுதப்பட்டதுபோல் தோன்றினாலும் அதற்கு அளவு உண்டு. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாமல் மழை பதிவாகலாம் என்பதே பொருள். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை, 'அநேக இடங்களில்' என்றால் முக்கால் பங்கு வரை, 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். ஆகவே 'ஓரிரு இடங்களில்' என்ற நாளில் முக்கால்வாசிப் பேருக்கு மழை இல்லாமல் போனால் அறிக்கை பலித்தது என்றே கொள்ள வேண்டும். பங்குனி இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஓர் ஊரில் வாய்க்கால் நிரம்ப அடிக்கும், பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். கைப்பேசிச் செயலி காட்டும் மேகப் படத்தை உங்கள் தெருவுக்கான வாக்காக எடுத்துக்கொள்வதும் இதே தவறுதான். பல கிலோமீட்டர் பரப்பை ஒரே கட்டமாக வைத்துக் கணினி போட்ட கணக்கு அது. காலையில் அறிக்கையைப் பாருங்கள். பிற்பகலில் வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்குத் தரும் எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும் பாருங்கள். இந்தப் பருவத்தில் அவைதான் கைகொடுக்கும்.

"வறண்ட வானிலை நிலவும்" என்பதைப் படித்துவிட்டு நெல்லைக் களத்தில் திறந்துபோட்டு வருபவர்களை என்ன சொல்வது! மழை இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். பனி இறங்காது என்று யாரும் சொல்லவில்லை. மாசியில் வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவில், குவியலின் மேல்நெல் விடிவதற்குள் விரலில் ஒட்டும் அளவுக்கு நனைந்திருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். பகலெல்லாம் காயவைத்து அந்த வரம்புக்குள் கொண்டுவந்த நெல்லை ஓர் இரவுப் பனி மீண்டும் மேலே ஏற்றிவிடும். மூட்டையைப் பிரித்து மறுபடி உலர்த்து என்று திருப்பி அனுப்புவார்கள். வறண்ட வானிலை என்றாலும் சாயங்காலமே தார்ப்பாய் போட்டுவிட வேண்டும். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

நீலகிரியில் இதே தவறு வேறு உருவில் வரும். குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று அறிக்கையில் இருக்கும், "பூஜ்யத்துக்குப் போகவில்லையே" என்று தேயிலைச் செடிகளை மூடாமல் விடுவார்கள். விடிந்து பார்த்தால் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், கொழுந்து கருகியிருக்கும். வெப்பமானி இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழப்பதால், புல்நுனி அந்தப் பெட்டியைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். கனமான குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பதால் தாழ்வான தோட்டங்களுக்கே அடி அதிகம். அந்த எண்ணோடு வானம் தெளிவா, காற்று அடங்கியதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மழையளவுப் பட்டியலில் வரும் தேதியையும் கவனியுங்கள். காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்த மழை, மறுநாள் தேதியில்தான் பதிவாகும். நேற்று மாலை பெய்தது இன்றைய கணக்கில் இருந்தால் அது பிழை அல்ல.

கடைசியாக மின்னல். 'லேசான மழை' என்பதைப் படித்துவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் 'இடி மின்னலுடன் கூடிய' என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாசி கடைசியிலும் பங்குனியிலும் மழை குறைவாகவே இருக்கும், ஆபத்து மின்னலில் இருக்கும். வயலில் நிற்பவர் பனைமரத்தடிக்கோ புளியமரத்தடிக்கோ ஓடக்கூடாது. கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டகையும் பாதுகாப்பில்லை. இடி கேட்டால் நல்ல கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.