ஆசிரியபீடம் இல்லாத காலத்தில் இணைய இதழியல்: கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ ஒரு பிரதேச நிருபர் முன்பு அனுப்பிய செய்தி, வாசகர் கண்ணில் படுவதற்கு முன்னர் கொழும்பு ஆசிரியபீடத்தில் பலருடைய கைகளைக் கடந்தாக வேண்டியிருந்தது. செய்தி ஆசிரியர் "இதை உமக்கு யார் சொன்னது?" என்று தொலைபேசியில் கேட்பார், உதவி ஆசிரியர் தலைப்பையும் முதற்பந்தியையும் திருத்துவார், ஒப்புநோக்குநர் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் சரிபார்ப்பார். இன்று அதே நிருபர், சம்பவம் நடந்த இடத்தில் நின்றபடியே, கையடக்கத் தொலைபேசியில் எடுத்த காணொளியைத் தம் முகநூல் பக்கத்திலோ யூடியூபிலோ வெளியிட்டுவிடுகிறார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தாள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது சில நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிட முடியாமல் இணையத்தில் மட்டும் வெளியிட்டதை நாம் கண்டோம். மாதச் சம்பளம் இல்லாமல், பிரசுரமான செய்திக்கு மட்டும் கொடுப்பனவு பெறும் நிருபர்கள் சொந்தப் பக்கங்களை நம்பத் தொடங்கியதில் வியப்பில்லை.

ஆகவே வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கற்றுவிட்டு இத்துறைக்கு வரும் ஓர் இளைஞருக்கு, பிழையைப் பிடித்து நிறுத்தும் ஆசிரியர் ஒருவர் மேலே இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆசிரியபீடம் செய்த வேலையை அவர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டும்; அதற்கான பழக்கத்தை வகுப்பறைதான் ஊட்ட வேண்டும். இணைய இதழியலைக் கற்பிப்பதில் நான் காணும் தவறுகளிற் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவையே.

அவற்றில் முதலாவது, கருவிகளையே பாடத்திட்டமாக்குவது. எந்தச் செயலியில் காணொளி தொகுப்பது, எந்தத் தளத்தில் எத்தனை மணிக்குப் பதிவிடுவது என்றே வாரங்கள் கழிந்துவிடுகின்றன. முகநூலில் எது பரவுகிறது என்பதைக் கண்காணிக்க உலகெங்கும் செய்தியாளர்கள் பயன்படுத்திய கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்ட் 14ஆம் திகதி மூடப்பட்டது. ட்விட்டர் 2023இல் எக்ஸ் ஆனது. பெயரோடு அதன் விதிகளும் மாறின. மாணவர் பட்டம் பெறுமுன்பே பயனற்றுப்போகக்கூடிய ஒன்றுக்கு ஒரு நாள் போதும்.

ஆயினும் ஒரு தொழில்நுட்ப விடயத்தை மட்டும் தவிர்க்காமல் கற்பிக்க வேண்டும். நம்மிடையே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவின் பிடி இன்னும் விடவில்லை. அதில் தட்டச்சிட்ட ஊடக அறிக்கையை அப்படியே இணையத்தில் ஒட்டினால், தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல் ஒன்றுதான் தெரியும். அதைத் தவிர்க்க அறிக்கையைப் படமாக எடுத்துப் போடுவோர் பலர். படத்திலுள்ள சொற்களைத் தேடுபொறி முறையாகக் கண்டெடுப்பதில்லை. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் அதைச் சரிவரப் படிக்காது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்தச் செய்தியைத் தேடுபவருக்கு அது இல்லாததாகவே ஆகிவிடும். யூனிகோடில் எழுதுவதையும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் ஒப்புநோக்குவதையும் முதல் வாரத்திலேயே வழக்கமாக்கிவிட வேண்டும்.

சரிபார்ப்பை விரிவுரையாகக் கற்பித்தல்

எல்லாவற்றிலும் பாரதூரமான தவறு இது. "செய்தியை உறுதிப்படுத்திய பின்னரே வெளியிட வேண்டும்" என்று கரும்பலகையில் எழுதினால், மாணவர் அதைப் பரீட்சைத் தாளில் திருப்பி எழுதுவார். மழைக்காலத்தில் வட்ஸ்அப்பில் ஒரு வெள்ளக் காணொளி வந்ததும் பகிர்ந்துவிடுவார்.

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுவிட்டதாகக் கூறும் காணொளி ஒன்று மார்கழி மழைநாளில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வகுப்பில் திரையிட்டு, மாணவரைக் குழுக்களாகப் பிரித்து, அவர்கள் கையாலேயே பிரித்துப் பார்க்க விடுங்கள். ஒரு குழு காணொளியின் சில சட்டகங்களைப் படமாக்கி, படத்தைக் கொண்டு தேடும் வசதியில் இட்டு, அது முந்தைய ஆண்டுகளிலோ வேறு நாட்டிலோ வெளிவந்ததா என்று பார்க்கட்டும். இன்னொரு குழு கதவுகளின் எண்ணிக்கை, கட்டுமானம், பின்னணி மலை ஆகியவற்றைச் செய்மதிப் படங்களோடும் பழைய ஒளிப்படங்களோடும் ஒப்பிடட்டும். மற்றொரு குழு நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, கதவு திறக்கப்பட்டதா, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். ஆயித்தியமலைப் பக்கம் உறவினர் உள்ள மாணவர், வீதியில் நீர் ஏறியிருக்கிறதா என்று விசாரிக்கட்டும். விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போதுதான் கற்பித்தல் தொடங்குகிறது.

இத்தகைய பயிற்சிகளுக்கு எப்போதும் ஒரு தெளிவான விடை இருக்கும்படி அமைத்துவிடுவது இன்னொரு தவறு. கள வாழ்க்கையில் பல வேளைகளில் கிடைப்பது "இதை உறுதிப்படுத்த முடியவில்லை" என்ற முடிவு மட்டுமே. உரிய படிகளையெல்லாம் செய்துவிட்டு அம்முடிவுக்கு வந்து, வெளியிடாமல் நிறுத்திக்கொண்ட மாணவருக்கு முழுப் புள்ளிகளும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதைத்தான் நாம் கற்பித்தவர்களாவோம்.

படத்தேடலே சரிபார்ப்பு என்று மாணவர் எண்ணிவிடாமலிருக்க, அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு நடந்ததை அவர்களோடு ஆராய வேண்டும். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறிய கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலந்தாயா என்று ஒரு கூட்டம் ஊழியரைச் சூழ்ந்து கேட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத அவர் அச்சத்தில் தந்த பதில் ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி மாவுப்பொருளே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். அடுத்த வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்து, மார்ச் 7ஆம் திகதி முகநூல் உள்ளிட்ட தளங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. இவ்வன்முறையில் தன் தளம் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

இதில் மாணவர் உற்றுக் கவனிக்க வேண்டியது, அந்தக் காணொளி போலியானதல்ல என்பதே. அது அந்த இடத்தில், அந்த நேரத்தில் எடுக்கப்பட்ட மெய்யான பதிவு. எந்தப் படத்தேடலும் அதைப் பிடித்திருக்காது. அதிலிருந்த கூற்றுத்தான் பொய். அப்படியொரு மாத்திரை மருத்துவத்தில் உண்டா என்று ஒரு மருத்துவரிடம் கேட்பதும், பதில் சொன்னவர் எந்த நிலையில் நின்று, எந்த மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொன்னார் என்று பார்ப்பதும்தான் தேவைப்பட்டன. இந்தப் பாடம் நம் சொந்த மாவட்டத்தில் நடந்திருக்கும்போது, வெளிநாட்டுப் பாடநூல்களின் உதாரணங்களை மட்டும் காட்டிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உத்தியோகபூர்வ மூலம் என்றால் சரிபார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுப்பதும் ஆபத்தானது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின், சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்தவர்களுக்காக மட்டக்களப்பு துயரில் மூழ்கியிருந்த அதே நாட்களில், பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில் தொடர்பே இல்லாத ஓர் அமெரிக்கப் பெண்ணின் படமும் இருந்தது. பொலிஸார் தவறை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் படம் பரவிவிட்டது. "பொலிஸார் வெளியிட்ட படத்தின்படி" என்று மூலத்தைச் சொல்லி எழுதியவர் திருத்தத்தையும் அதே இடத்தில் சேர்க்க முடிந்தது. மூலமின்றி "தேடப்படும் பெண் இவர்தான்" என்று எழுதியவர் அந்தப் பொய்யைத் தம் சொந்தக் கூற்றாக்கிக்கொண்டார்.

திருத்தத்தை அவமானமாக்குதல்

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மதரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோது, மீட்கப்பட்டோர், காணாமற்போனோர் தொகைகள் தேடுதல் தொடரத் தொடர மாறிக்கொண்டிருந்தன. இத்தகைய வேளையில் எண்ணிக்கை மாறுவது குற்றமல்ல. முந்திய எண்ணைச் சத்தமின்றி அழித்துவிட்டுப் புதியதை இடுவதே குற்றம், ஏனெனில் முதற்செய்தியின் திரைப்பிடிப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஓடிக்கொண்டே இருக்கும். எது பிந்தியது என்று அறிய வாசகருக்கு வழியிராது. ஒவ்வொரு பதிவிலும் நேரம், தகவல் தந்த அதிகாரியின் பதவி, முன்னர் கூறிய எண் ஏன் மாறியது என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதும்படி பழக்க வேண்டும். தம் பிழையைத் திருத்தி அறிவித்த மாணவரின் புள்ளியைக் குறைக்கும் ஆசிரியர், மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

பார்வைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒப்படைகளை மதிப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் இறந்தவரின் முகத்தைக் காட்டும் காணொளியே அதிகம் பார்க்கப்படும் என்பதை மாணவர் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வார்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. முற்றாகத் தடைசெய்தால் மாணவர் மறைவாகப் பயன்படுத்துவார்; கேள்வியின்றி அனுமதித்தால் எழுதவே கற்கமாட்டார். சிங்களத்தில் மட்டும் கிடைக்கும் சுற்றறிக்கையை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்துச் செய்தி எழுதும் வழக்கம் நம் பகுதியில் பெருகியிருப்பதால், பயன்படுத்தியதை வெளிப்படையாக எழுதச் சொல்லி, பெயர், திகதி, தொகை மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்வதே நடைமுறைக்கு உகந்தது. இதைவிடச் சிறந்த வழியும் உண்டு: கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் ஒரே வளாகத்தில் கற்கின்றனர். ஒரு மொழிக்காரரையும் மறுமொழிக்காரரையும் இணையாக்கி ஒப்படை கொடுத்தால், ஆவணமும் சரியாக வாசிக்கப்படும். அண்டை ஊரின் கருத்தைக் கேட்காமல் ஒரு காணிப் பிரச்சினையை எழுதும் பழக்கமும் குறையும்.

சட்டத்தை அச்சமாக மட்டும் கற்பித்தல்

ஊடகச் சட்ட வகுப்பு பெரும்பாலும் எதை எழுதக் கூடாது என்ற பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. இணையத்தில் பொய்யான கூற்றுகளை வெளியிடுவதைத் தடைசெய்யும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை மாணவர் அறியத்தான் வேண்டும். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டபோதிலும் குடியியல் வழக்குத் தொடர இடமுண்டு என்பதையும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளங்காட்டும் விபரத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அறிய வேண்டும். பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பாடசாலையையும் தந்தையின் தொழிலையும் எழுதினால் கிராமம் முழுவதும் அந்தப் பிள்ளையை அறிந்துகொள்ளும்.

ஆனால் சட்டம் தரும் உரிமையையும் அவர்கள் கையாண்டு பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. காரணம் கூறாமலே எந்தப் பிரஜையும் தமிழில் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும் அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "வீதி அபிவிருத்தி பற்றிய தகவல்கள் தேவை" என்று எழுதும் மாணவருக்குப் பயனுள்ள எதுவும் வராது. குறித்த வீதியின் பெயர், ஆண்டு, ஒதுக்கப்பட்ட தொகை, ஒப்பந்தப் பிரதி என்று கேட்பவருக்கே செய்தி கிடைக்கும். அரையாண்டின் கடைசியில் இந்த ஒப்படையைக் கொடுத்துவிட்டுப் பதில் வரவில்லை என்று கைவிடுவது வழக்கமாகிவிட்டது. மேன்முறையீட்டுக்கும் காலம் இருக்கும்படி இரண்டாம் வாரத்திலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

பாதுகாப்பைப் பாடத்திற்கு வெளியே விடுவதற்கு இந்த மாவட்டங்களில் எவருக்கும் நியாயம் கிடையாது. ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். மட்டக்களப்பைச் சேர்ந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். சிவராம் தமிழ்நெற் என்ற இணையத்தளத்தின் ஆசிரியராக இருந்தவர்; நம் மாணவர் கற்கும் இணைய இதழியலின் உள்ளூர் முன்னோடிகளில் ஒருவர். இப்பெயர்களை அறியாத மாணவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைக் காணிப் பிரச்சினை போன்ற ஒன்றை எழுதத் தனியே அனுப்பக் கூடாது. இருவராகச் செல்வது, எங்கே, யாரைச் சந்திக்கிறோம் என்பதை விரிவுரையாளருக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது, குறித்த நேரத்தில் அழைத்துப் பேசுவது, தகவல் தந்தவரின் இலக்கத்தைப் பூட்டில்லாத தொலைபேசியில் வைக்காதிருப்பது ஆகியவை ஒப்படையின் நிபந்தனைகளாக இருக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் ஒரு மாற்றம் தேவை. வெளிவந்த செய்தியை மட்டும் திருத்தினால், அது எப்படி உருவானது என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடும். செய்தியோடு வேலைக்குறிப்பேட்டையும் சமர்ப்பிக்கச் சொல்லி, பாதிப் புள்ளிகளை அதற்கு ஒதுக்க வேண்டும்: யாரோடு எப்போது பேசினார், யார் பேச மறுத்தார், எந்த ஆவணத்தைப் பார்த்தார், கிடைத்த தகவலில் எதை ஏன் விட்டுவிட்டார். முப்பது மாணவர் உள்ள வகுப்பில் இதைப் படிப்பதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் போதாதென்றால், நான்கு ஒப்படைகளை இரண்டாகக் குறைத்துவிட்டு, அந்த இரண்டில் ஒவ்வொரு மாணவரையும் அருகில் அமர்த்தி, அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் காட்டி "இது உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள்.