பிசினஸ் கிளாசில் தேனிலவு: பக்கத்து இருக்கை கிடைக்க எதைப் பார்த்து டிக்கெட் போடுவது

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கிளம்புகிறோம், பாரிசோ ரோமோ போகிறோம், போவதுதான் போகிறோம் ஒரு தடவையாவது பிசினஸ் கிளாசில் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது எமிரேட்சா, கத்தாரா, லுஃப்தான்சாவா என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். நாலு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள், அதையே போட்டோம். மூன்று நாள் தூங்காத உடம்போடு ஏறி உட்கார்ந்தால் எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு மேஜை, அதற்கு மேல் ஒரு தடுப்பு. அடுத்தடுத்த எண்தான், ஆனால் முகம் தெரியவில்லை. பாதி வழியில் தடுப்புக்கு மேலாக ஒரு கை வந்து சாக்லேட்டை நீட்டியது, மருதாணி இன்னும் கருஞ்சிவப்பாக இருந்தது. அந்தப் பயணம் முழுக்க நான் அவளைப் பார்த்தது அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், ஏர்லைன் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். எந்த விமானம், அதில் இருக்கைகள் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஒரே கம்பெனியில் ஒரு விமானம் சொர்க்கமாக இருக்கும், அடுத்தது இருபது வருடப் பழசாக இருக்கும்.

இருக்கை வரிசையை 1-2-1, 2-2-2, 2-3-2 என்று எழுதுவார்கள், எண் என்பது சேர்ந்திருக்கும் இருக்கைகள், நடுவில் உள்ள கோடு நடைபாதை. இன்று எல்லாரும் 1-2-1தான் உசத்தி என்பார்கள். எல்லாருக்கும் நேராக நடைபாதை, யாரையும் தாண்டிப் போக வேண்டாம், சிலவற்றில் கதவுகூட இருக்கும். தனியாகப் போகிற ஆளுக்கு அது சரி. உங்களுக்கு அப்படி இல்லை. பழைய 2-2-2 வரிசையில் ஜன்னலோரம் இரண்டு இருக்கை ஒட்டி இருக்கும், நடுவில் ஒரு கை வைக்கிற இடம்தான். அந்நியர் பக்கத்தில் படுக்க வேண்டுமே என்று அலுவலக வேலையாகப் போகிறவர்கள் ஒதுக்குகிற அதே இருக்கைதான் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு உகந்தது, சில சமயம் விலையும் கொஞ்சம் இறங்கி இருக்கும். எமிரேட்சின் பழைய போயிங் 777களில் 2-3-2 வரிசை. அதை எல்லாரும் திட்டுவார்கள், ஆனால் ஜன்னலோர ஜோடி கிடைத்தால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் உள்ள மூன்றில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்று கவனியுங்கள், பழைய இருக்கைகளில் சில முழுசாகப் படுக்கையாகாது, சாய்வாக நின்றுவிடும், தூக்கத்தில் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். கூகுள் ஃபிளைட்சில் விமான விவரத்தை விரித்தால் இருக்கை முழுப் படுக்கையா, சாய்வா, தனி அறை மாதிரியா என்று போட்டிருப்பார்கள். இந்த ஒரு வரியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

1-2-1 வரிசையிலும் ஜோடிக்கு நல்ல இடம் உண்டு, தேடித்தான் எடுக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இருக்கைகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிற வகையில் நடுவில் உள்ள இரண்டும் ஒரு வரிசையில் ஒட்டி இருக்கும், அடுத்த வரிசையில் இரண்டு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து இருக்கும். நாங்கள் மாட்டியது இரண்டாவது வகை. எமிரேட்சின் இரண்டு மாடி விமானமான ஏ380ன் மேல்தளம் இப்படித்தான். இ, எஃப் என்று எழுத்து வந்தால் ஒட்டிய ஜோடி, டி, ஜி என்று வந்தால் பிரிந்த ஜோடி. ஹனிமூன் சீட் என்று பறப்பவர்கள் பேச்சுவழக்கில் சொல்வது இந்த ஒட்டிய ஜோடியைத்தான். இன்னொரு வகையில் இருக்கைகள் கோணலாக, கால்கள் நடுவை நோக்கி, தலைகள் தள்ளி இருக்கும். பேச வேண்டுமென்றால் முன்னால் குனிய வேண்டும். மோசமில்லை, ஆனால் தோள் தொடாது. கத்தாரின் கியூசூட் என்ற பிசினஸ் இருக்கை வகையில் நடுவில் சில ஜோடிகளை இரட்டைக் கட்டிலாகவே மாற்றலாம், 2017ல் வந்ததிலிருந்து தேனிலவுக்காரர்கள் கனவு காண்பது அதைத்தான். ஆனால் கத்தாரின் எல்லா விமானத்திலும் அது கிடையாது, ஏ330லும் 787-8லும் இல்லை, இருக்கிற விமானத்திலும் ஒன்றுவிட்ட வரிசையில்தான் கட்டில் ஆகும். ஏரோலோபா என்ற இணையதளத்தில் பல கம்பெனிகளின் விமானங்களுக்கு அளவு பிசகாத இருக்கைப் படம் இருக்கிறது. அதில் உங்கள் விமானத்தைத் திறந்து நடு இருக்கைகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம் தூக்கம். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போனால் பயணம் இரண்டு துண்டாகிறது, துபாய்க்குச் சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து பாரிசுக்கு 7 மணி நேரம். முதல் விமானம் பெரும்பாலும் விடியற்காலையில் கிளம்பும். சாப்பாடு கொடுத்து, தட்டை எடுத்து, இறங்குவதற்கு எழுப்புகிற நேரம் போக இரண்டரை மணி நேரம் கண்மூடினால் பெரிது. இரண்டாவது பகல் பயணம். படுக்கைக்காகவே காசு கொடுக்கிறீர்கள் என்றால் லுஃப்தான்சாவின் சென்னை-ஃபிராங்பர்ட் நேரடி விமானத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நள்ளிரவுக்கு மேல் கிளம்பிக் காலையில் இறக்கிவிடும், சுமார் 10 மணி நேரம் ஒரே நீட்டு. மாறாக, உங்களுக்குத் தூக்கத்தைவிட அனுபவம்தான் முக்கியம், ஏ380 மாடியின் பின்பக்க பாரில் இருவரும் நின்று பேச வேண்டும் என்றால் துபாய் வழியே நல்லது. இரண்டில் எது என்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். உண்மையாகச் சொன்னால் முகூர்த்தம் விடியற்காலை நாலரை மணி என்றால் உங்களுக்கு வேண்டியது தூக்கம்தான்.

இனி காசு. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதத்திலிருந்து 18 சதமாக 2025 செப்டம்பர் 22 முதல் ஏறிவிட்டது, எகானமிக்கு 5 சதம்தான். அதனால் எங்கே மிச்சம் பிடிப்பது என்று கொஞ்சம் மெனக்கெட வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, போகும்போது மட்டும் பிசினஸ், வரும்போது எகானமி. களைப்பு போகும்போதுதான் இருக்கும். திரும்பி வரும்போது பத்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் நீங்கள், எகானமியில் தோளில் சாய்ந்து படம் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம். இதைத் தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகப் போட்டால் சில கம்பெனிகளில் விலை எகிறும், ஆகவே போகவர ஒரே டிக்கெட்டில் இரண்டு வகுப்பும் கலந்து தேடுங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்தில் பெரும்பாலும் முடியும்.

மாதம் பெரிய விஷயம், இதில் நம் பஞ்சாங்கம் உதவுகிறது. தை மாதக் கல்யாணம் என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி, ஐரோப்பாவுக்குக் கூட்டம் குறைந்த காலம். குளிர் இருக்கும், ஆனால் டிக்கெட் இறங்கி இருக்கும். ஆவணிக் கல்யாணமும் நல்லது, செப்டம்பரில் அங்கே பள்ளி திறந்து கூட்டம் வடிந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். வைகாசிதான் கஷ்டம், கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேராகப் போய் விழுவீர்கள். அப்படி அமைந்துவிட்டால் தேனிலவைச் செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை. தை முகூர்த்தம் முன்பே குறித்துவிட்டார்கள் என்றால் நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடிகளை விடாதீர்கள்.

ரொம்ப மலிவாகத் தெரிகிற பிசினஸ் கட்டணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கும். கத்தாரின் மிகக் குறைந்த பிசினஸ் கட்டணத்தில் லவுஞ்ச், அதாவது விமான நிலைய ஓய்வுக்கூடம், கிடையாது, முன்கூட்டி இருக்கை தேர்ந்தெடுக்கத் தனியாகக் கட்ட வேண்டும். எமிரேட்சின் குறைந்த கட்டணத்திலும் லவுஞ்சும் வீட்டுக்கு வரும் காரும் இல்லை. லவுஞ்ச் போனால் போகட்டும், நல்ல கிரெடிட் கார்டு இருந்தால் வேறொரு லவுஞ்சுக்குப் போய்க்கொள்ளலாம். ஆனால் இருக்கை தேர்வை விட்டுவிடாதீர்கள், அதற்காகக் கட்டுகிற காசு வீண் இல்லை, மேலே சொன்ன அத்தனையும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கார்டு பாயிண்ட் சேர்த்து வைத்திருந்தால் சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர், ஏர் பிரான்ஸ்-கேஎல்எம்மின் ஃபிளையிங் புளூ மாதிரியான மைல் திட்டங்களுக்கு மாற்றிப் பாருங்கள், ஃபிளையிங் புளூவில் மாதாமாதம் சில ஊர்களுக்குக் குறைந்த மைலில் டிக்கெட் போடுவார்கள். இருவருக்கும் ஒரே நாளில் ஒரே விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாயிண்டை மாற்றுங்கள், மாற்றிவிட்டால் திரும்ப வராது. எகானமி எடுத்துவிட்டு ஏலத்தில் பிசினஸ் கேட்கிற வசதி எதிஹாட், மலேசியா ஏர்லைன்ஸ் போன்றவற்றில் உண்டு. தேனிலவுக்கு அதை நம்பி இருக்க நான் சொல்லமாட்டேன், கடைசி நிமிடத்தில் இடம் கிடைத்தாலும் சேர்ந்த இடமாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கொழும்பிலிருந்து தொடங்குகிற டிக்கெட்டையும் ஒரு தடவை தேடுங்கள். இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பறப்புதான், எமிரேட்ஸ், கத்தார், டர்க்கிஷ், சிங்கப்பூர் எல்லாம் அங்கிருந்து போகின்றன, இந்திய ஜிஎஸ்டியும் இல்லை. சில தேதிகளில் வித்தியாசம் நன்றாகவே இருக்கும். ஆனால் சென்னை-கொழும்பு தனி டிக்கெட், அது தாமதமானால் பெரிய விமானம் காத்திருக்காது, ஆகவே முந்தின நாளே போய்த் தங்க வேண்டும், இலங்கைக்குள் நுழைய அனுமதியும் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்து, மிச்சம் அப்போதும் பெரிதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். அங்கே ஏறாமல் துபாயில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், முதல் பகுதியில் ஏறவில்லை என்றால் மீதி எல்லாம் ரத்தாகிவிடும்.

காகிதங்களில் இரண்டே விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவதாக இருந்தால் பயணம் முடிந்து மாற்றுங்கள், டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். நம் ஊரில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். வழியில் துபாயில் வெளியே போய் இரண்டு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் ஒற்றைப் பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதைக் கட்டுப்படுத்தி 2022 நவம்பரில் வந்த விதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இன்னொன்று லண்டன். ஹீத்ரோவில் விமானம் மட்டும் மாறினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக டிரான்சிட் விசா வேண்டும், சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா அதற்குப் போதாது. மலிவாக இருக்கிறதே என்று லண்டன் வழியாகப் பாரிசுக்குப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட் போட்டதோடு வேலை முடியவில்லை. விமானத்தை மாற்றுவார்கள், மாற்றினால் உங்கள் இருக்கை எண்ணும் தானாக மாறும், பல சமயம் இருவரும் பிரிந்துவிடுவீர்கள். மாதம் ஒரு தடவை புக்கிங்கைத் திறந்து பாருங்கள், கடைசி வாரம் தினமும் பாருங்கள், மாறியிருந்தால் உடனே போன் செய்து பேசுங்கள். பிசினஸ் கொடுத்துவிட்டு எகானமியில் உட்காரச் சொன்னால் பேசாமல் உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து கிளம்பும் சர்வதேச விமானத்துக்கு 2023 பிப்ரவரி முதல் டிஜிசிஏ (நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) விதி இருக்கிறது: 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வரி உட்பட டிக்கெட் தொகையில் 75 சதம் திருப்பித் தர வேண்டும், 1,500லிருந்து 3,500 வரை 50 சதம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கும் ஏறக்குறைய இதே மாதிரி விதி, எந்த நாட்டு ஏர்லைனாக இருந்தாலும். போர்டிங் பாசையும், முன்பு தேர்ந்தெடுத்த இருக்கை எண் தெரிகிற பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொண்டு, கவுண்டர் திறக்கிற நேரத்துக்கே போய் நின்றுவிடுங்கள்.