அமாங் மேட்டருகே கிணற்று நீரை யுரேனியத்துக்குச் சோதிப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் தோட்டப் பட்டணங்களில் வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சிய மணற்கழிவான அமாங்கில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியமும் யுரேனியமும் இருக்கின்றன. அமாங்கைப் பதப்படுத்துவது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் (சட்டம் 304) கீழ் வரும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கிணறு அமாங் மேட்டின் பக்கத்தில் இருந்தால் நீரைச் சோதித்தே ஆகவேண்டும்.

குழாய்க் கிணற்றில் தேங்கிய நீரை முதலில் வெளியேற்றுங்கள், குழாயின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு. 10 செ.மீ. விட்டத்துக்கு மீட்டருக்கு சுமார் 8 லிட்டர். 20 மீட்டர் நீர் நின்றால் 480 லிட்டர் இறைக்க வேண்டும். திறந்த கிணற்றில் அடிச்சேற்றைக் கலக்காமல் நடு ஆழத்தில் மொள்ளுங்கள்.

பலர் தவறுவது அடுத்த படியில். நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே 1 லிட்டர் பாலிஎத்திலீன் போத்தலில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2க்குக் கீழே வரும்வரை. செறிந்த அமிலம் என்றால் பெரும்பாலும் 2 மி.லி. போதும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். வடிக்காமல் அமிலம் ஊற்றினால் சேற்றிலுள்ள யுரேனியமும் கரைந்து அளவு கூடிக் காட்டும். அமிலமே சேர்க்காவிட்டால் யுரேனியம் போத்தல் சுவரில் ஒட்டி அளவு குறையும். இரண்டுமே மக்களை ஏமாற்றும் முடிவுகள்.

யுரேனியச் சிதைவில் உண்டாகும் கதிரியக்க வாயுவான ரேடானையும் சோதிப்பதானால் அதற்குத் தனிக் கண்ணாடிக் குப்பி: அமிலம் வேண்டாம், காற்றுக்குமிழ் கூடாது. அரை ஆயுள் 3.8 நாள், ஆகவே அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள்.

குடிநீரில் யுரேனியத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கூடியிருந்தால் கொதிக்கவைக்காதீர்கள்; நீர் ஆவியாகி யுரேனியம் செறிவாகும். எதிர்ச்சவ்வூடு பரவல் (RO) வடிகட்டி அதைக் குறைக்கும்.