ஜெயில் கதவுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவில்: புளோரிடா மறுமுதலீட்டு மானியத்தை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

சமூகப்பணியோ பொதுச் சுகாதாரமோ படித்துவிட்டு புளோரிடாவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். இரண்டாவது வாரமே மேலதிகாரி ஒரு கோப்பை மேஜைமேல் வைத்து, "இதுக்கு நாம் விண்ணப்பிக்கிறோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கோப்பின் மேல் இருக்கும் பெயரைப் படிக்கவே மூச்சு வாங்கும்: குற்றநீதி, மனநலம், போதைப் பழக்கம் மறுமுதலீட்டு மானியம். மாநிலச் சட்டமன்றம் 2007-இல் இதை உருவாக்கியது. குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் துறை நடத்துகிறது. மனநோயாளியைத் திரும்பத் திரும்ப ஜெயிலில் அடைத்து வைக்க ஆகும் செலவில் கொஞ்சத்தை எடுத்து, அவரை வெளியில் வைத்தே வைத்தியம் பார்க்கலாமே என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் யோசனை.

இதில் பணம் வாங்குவது கஷ்டமான பகுதி இல்லை. ஒரு மனிதர் போலீஸ் கையிலிருந்து ஆஸ்பத்திரி கைக்கும், ஜெயில் கையிலிருந்து கிளினிக் கைக்கும் மாறுகிற இடங்கள் இருக்கின்றனவே, அங்கேதான் ஆள் தவறிப்போகிறார். கீழே உள்ள படிகளைப் படிக்கும்போது அந்த இடங்களை மட்டும் மறக்காதீர்கள்.

படி 1: எந்த மானியம் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வகை உண்டு. திட்டமிட மட்டும் ஒரு வருட மானியம். நடைமுறைப்படுத்தவோ விரிவாக்கவோ மூன்று வருட மானியம். துறை இதுவரை வெளியிட்ட விண்ணப்ப அழைப்புகளில் முதலாவதற்கு உச்சவரம்பு 1 லட்சம் டாலர். இரண்டாவதற்கு வருடத்துக்கு 4 லட்சம், மூன்று வருடத்துக்கு 12 லட்சம். தொகையும் நிபந்தனையும் அழைப்புக்கு அழைப்பு மாறலாம், புதியதைப் படித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

உங்கள் கவுண்டியில் எழுதி வைத்த திட்டம் எதுவும் இல்லையென்றால் கூச்சப்படாமல் ஒரு வருட மானியத்துக்கே போங்கள். திட்டமில்லாமல் 12 லட்சம் வாங்கினால் முதல் வருடம் முழுக்க ஆள் தேடுவதிலேயே போய்விடும்.

படி 2: மேஜையைச் சுற்றி ஆட்களை உட்காரவையுங்கள்

கவுண்டியில் ஒரு திட்டக்குழு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர், ஏழைகளுக்காக வாதாடும் பப்ளிக் டிபெண்டர், நீதிபதிகள், கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிப், ஜெயில் பொறுப்பாளர், நன்னடத்தை அதிகாரி, மனநல மையத்தார் என்று பட்டியல் நீளும். மனநலச் சிகிச்சை பெற்ற ஒருவரும் குடும்பத்து ஆள் ஒருவரும் அதில் உண்டு. இந்த இரண்டு நாற்காலிகளைப் பெயருக்கு நிரப்பிவிடுவது வழக்கம். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ராத்திரி எந்தப் பஸ்ஸும் ஓடாத இடத்தில் ஜெயில் இருக்கிறது என்று மகனைக் கூட்டிவரப் போன ஒரு அம்மாவுக்குத்தான் தெரியும்.

கூட்டத்துக்கு அழைப்பது யார் என்பது முக்கியம். முடிந்தால் ஒரு நீதிபதி அழைக்கட்டும். மயாமி-டேட் கவுண்டியில் நீதிபதி ஸ்டீவன் லைஃப்மேன் செய்தது அதைத்தான். ஹார்வர்டில் படித்து மனநல மருத்துவராக இருந்து, பிறகு மனச்சிதைவு நோயில் வீடிழந்த ஒருவர் அவர் முன்னால் வந்தார். பெற்றோர் உதவி கேட்டு மன்றாடினார்கள். ஆனால் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பத் தனக்கு அதிகாரமே இல்லை, விடுதலை செய்வது தவிர வழியில்லை என்று நீதிபதிக்குப் புரிந்தது. 2000-இல் அவர் எல்லாத் தரப்பையும் கூட்டித் தொடங்கிய திட்டம் வளர்ந்து, பிற்பாடு அந்தக் கவுண்டி ஒரு ஜெயிலையே மூடியது. நீதிபதி கூப்பிட்டால் ஷெரிப் வருவார். நீங்களும் நானும் கூப்பிட்டால் உதவியாளரை அனுப்புவார்.

படி 3: வரைபடம் போடுங்கள்

எனக்குப் பிடித்த வேலை இது. மார்க் மியூனெட்ஸ், பாட்ரிசியா கிரிஃபின் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட முறை. ஒருவர் சிக்கலில் மாட்டுவதிலிருந்து வெளியே வந்து நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பது வரை ஆளைச் சிகிச்சைப் பக்கம் திருப்பக்கூடிய ஐந்து இடைமறிப்புப் புள்ளிகள்: போலீஸ், முதல் காவலும் முதல் விசாரணையும், ஜெயிலும் கோர்ட்டும், விடுதலை, கண்காணிப்பு. போலீசுக்கும் முன்னால் இருக்கும் நெருக்கடி உதவியைப் பின்னாளில் பூஜ்யம் என்று சேர்த்தார்கள். மனநல நெருக்கடிக்கான 988 எண்ணுக்குப் போன் செய்வது அந்தப் பூஜ்யத்தில் வரும்.

சுவர் நீளத்துக்குத் தாள் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் உங்கள் ஊரில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இந்த மானியத்துக்கென்றே தொழில்நுட்ப உதவி மையம் இருக்கிறது, வந்து நடத்தித் தருவார்கள்.

நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில் மனநல மையத்தார், "எங்கள் கதவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது, போலீஸ்தான் ஆளைக் கொண்டுவருவதில்லை" என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு காவலர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "உங்கள் வாசலில் மூன்று மணி நேரம் நிற்கிறேன். ஜெயிலில் இருபது நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் ஷிப்டில் மீதி அழைப்புகளை யார் பார்ப்பது?" அறை அமைதியாகிவிட்டது. புளோரிடாவின் மனநலச் சட்டமான பேக்கர் சட்டப்படி ஒருவரைச் சம்மதம் இல்லாமலே 72 மணி நேரம் வரை பரிசோதனைக்கு வைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் ஆகும் மூன்று மணி நேரம் யாருடைய அறிக்கையிலும் இல்லை. சிவப்புப் பேனாவால் அங்கே ஒரு வட்டம் போட்டோம்.

படி 4: ஒரு வட்டத்தை மட்டும் பிடியுங்கள்

சுவரில் பதினைந்து வட்டம் இருக்கும். எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்று எழுதாதீர்கள். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

எது என்று தெரியாவிட்டால் ஜெயில் நுழைவிலிருந்து தொடங்கலாம். சுருக்கமான மனநலச் சோதனைத் தாள் ஒன்று இருக்கிறது, எட்டே கேள்வி. முதல் ஆறும் இப்போதைய அறிகுறிகள், கடைசி இரண்டும் முன்பு மனநல ஆஸ்பத்திரியில் இருந்தாரா, மருந்து சாப்பிடுகிறாரா என்பது. ஆறில் இரண்டுக்கு ஆம் என்றாலோ, கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலோ மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மூன்று நிமிட வேலை. ஆனால் கைதான 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும், பலர் அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். சோதனைத் தாள் மறுநாள் மதியம்தான் யார் கண்ணிலாவது படும் என்றால், அதற்குள் ஆள் போய்விட்டிருப்பார்.

படி 5: ஈட்டுப் பங்கு

மானியம் எவ்வளவோ அதே அளவு கவுண்டியும் போட வேண்டும். நிதி நெருக்கடியில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்ட சிறிய கவுண்டிகளுக்குப் பாதி போதும். பலர் பயந்து ஓடுவது இந்த வரியைப் பார்த்துத்தான். பணமாகவே போட வேண்டியதில்லை, உழைப்பாகவும் இடமாகவும் போடலாம்.

மனநல நெருக்கடியில் இருப்பவரைக் கையாளக் காவலர்களுக்குத் தரும் நெருக்கடித் தலையீட்டுப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மெம்பிஸில் 1988-இல் தொடங்கிய அந்தப் பயிற்சி 40 மணி நேரம். இருபது காவலர்கள் போனால் 800 மணி. மணிக்கு 35 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 28,000 டாலர். அதற்கு வருகைப் பதிவும் கையெழுத்தும் வேண்டும், அன்றன்றைக்கே. நான் ஒருமுறை "கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டு, வேலையை விட்டுப் போன காவலர்களைத் தேடி இரண்டு வாரம் அலைந்தேன். அப்புறம், ஏற்கெனவே கவுண்டி கொடுத்துக்கொண்டிருந்த சம்பளத்தை நிறுத்திவிட்டு மானியத்திலிருந்து கொடுக்கக் கூடாது. தணிக்கையில் முதலில் தேடுவது அதைத்தான்.

படி 6: தகவல் ஒப்பந்தம், பணம் வருவதற்கு முன்னால்

ஜெயிலில் இருப்பவர் பட்டியலும் கிளினிக் பட்டியலும் சந்தித்தால்தான் யாரைத் தேடுகிறோம் என்று தெரியும். மருத்துவத் தகவலின் ரகசியத்தைக் காக்க ஹிப்பா என்ற மத்தியச் சட்டம். போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்கு அதைவிட இறுக்கமான தனி மத்திய விதி, பெரும்பாலும் எழுத்துப்பூர்வச் சம்மதம் கேட்கும். இரண்டுக்கும் ஒரே சம்மதப் படிவம் தயாரித்து, வக்கீல்களிடம் இப்போதே கொடுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும்.

படி 7: விடுதலை நாள்

ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டைப் புளோரிடா மற்ற பல மாநிலங்களைப் போல விரிவாக்கவில்லை. ஊனமோ குழந்தைகளோ இல்லாத ஏழை ஆணுக்கு அநேகமாக அந்தக் காப்பீடு கிடையாது. கடும் மனநோய் உள்ளவருக்கு எஸ்எஸ்ஐ என்ற மத்திய அரசின் மாத உதவித்தொகை கிடைத்தால் மெடிகெய்டும் கூடவே வரும். ஒரு முழுக் காலண்டர் மாதம் உள்ளே இருந்தால் எஸ்எஸ்ஐ நிற்கும், தொடர்ந்து 12 மாதம் தாண்டினால் புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். அதனால் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவும் சோர் (SOAR) முறையில் பயிற்சி பெற்ற கேஸ் மேனேஜர் ஒருவரையாவது பட்ஜெட்டில் சேருங்கள். அந்த விண்ணப்பத்தை எழுதுவதே அவருடைய கைத்தொழில்.

கையில் மருந்து, டாக்டரைப் பார்க்கும் தேதி, இரவு தங்க இடம், வாசலில் ஒரு ஆள். இந்த நான்கும் இல்லாமல் யாரையும் "இணைத்துவிட்டோம்" என்று எழுதாதீர்கள். வாசலில் நிற்பவர் அதே வழியில் வந்து தேறிய ஒருவராக இருந்தால் மிகவும் நல்லது. என்னைப் போன்ற கழுத்தில் அட்டை தொங்கும் ஆட்களின் வண்டியில் ஏறத் தயங்குபவர்கள் அவருடைய வண்டியில் ஏறுவார்கள்.

படி 8: கணக்கு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. சேர்ந்தவர்கள் எத்தனை, திட்டத்தில் இருக்கும்போது எத்தனை முறை கைதானார்கள், முடித்த பிறகு எத்தனை முறை, வீடு கிடைத்ததா. சேருவதற்கு முந்தைய ஒரு வருடக் கைது எண்ணிக்கையைச் சேர்க்கும் அன்றே எடுத்துவையுங்கள், பிறகு கிடைக்காது.

இரண்டரை வருடம் ஆகும்போது உங்கள் கேஸ் மேனேஜர் வேறு வேலை தேட ஆரம்பித்திருப்பார். மானியம் முடிகிற தேதி அவருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கவுண்டி பட்ஜெட் கூட்டத்திலேயே அந்த ஒரு பதவியைக் கேட்டுவிடுங்கள். போகும்போது படி 3-இல் போட்ட தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த வாசலில் காவலர் இப்போது எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் போதும், பட்ஜெட்டை முடிவு செய்யும் கவுண்டி கமிஷனர்கள் மீதியை அவர்களே கேட்பார்கள்.