சைதாப்பேட்டையில் கழற்றிய கண்ணாடி

வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கிய முதல் வாரம் ஏமாற்றம்தான். தாம்பரம்–பீச் லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தடதடப்பு அப்படியே காதுக்குள் வந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். ஒருநாள் சைதாப்பேட்டை தாண்டும்போது வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். சட்டென்று இரைச்சல் அடங்கிவிட்டது! காதோரம் போகும் தடித்த ஃப்ரேம், ஹெட்போன் குஷனைத் தூக்கிப் பிடித்து, சின்னதாக ஒரு சந்து விட்டிருக்கிறது. தடதடப்பெல்லாம் அதன் வழியேதான் நுழைந்திருக்கிறது. மெல்லிய கம்பி ஃப்ரேம் போட்ட பழைய கண்ணாடிக்கு மாறினேன், சரியாகிவிட்டது. (பக்கத்து சீட் அரட்டை இப்போதும் கேட்கும். ஏசி, ஃபேன், ரயில் மாதிரி சீரான இரைச்சலைத்தான் இது நன்றாக அடக்கும்.)

அடுத்த தலைவலி, வீட்டிலிருந்து பேசும் ஆபீஸ் மீட்டிங். பாட்டு அருமையாகக் கேட்கும். மீட்டிங் தொடங்கியதும் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஹெட்போன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறி, ஒலித் தரத்தைக் குறைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். குரல்கள் தெளிந்துவிட்டன. என்ன, எங்கள் வீட்டு மிக்ஸி சத்தம் இப்போது மீட்டிங்கில் எல்லாருக்கும் கேட்கிறது.